நாற்பது நிமிஷ ஓட்டம்

அமலோற்பவம் மேடத்தின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாணவிகள் இருந்தார்கள். மங்கை ஐந்து வருஷமாக இருப்பவள். பெனசீர் வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.

இருவரும் தனித்தனியே ஆர்என்ஏ இழை செய்திருந்தார்கள். இருபத்தொரு மணி கோத்த மாலை மாதிரி, கண்ணுக்குத் தெரியாத குட்டி இழை. ஈரல் நோய்க்கு மருந்தாகுமா என்று பார்க்க, யாருடையது சுத்தமோ அது வெள்ளிக்கிழமை சோதனைக்குப் போகும். கட்டுரையிலும் அவள் பெயர்தான் முதலில் வரும்.

சுத்தமா இல்லையா என்று சொல்ல ஒரு கருவி. பொடி அடைத்த மெல்லிய குழாய்க்குள் திரவத்தோடு இழையை ஓட விடுவார்கள். குட்டையானது முதலில் பிடியை விட்டு வரும், நீளமானது பிறகு. ஒவ்வொன்றும் தாளில் ஒரு குன்றாக எழும்; ஒரே குன்று என்றால் சுத்தம்.

பெனசீரின் தாளில் ஒரே குன்று. "ரொம்ப அழகா வந்திருக்கும்மா," என்றார் மேடம்.

மங்கையின் தாளிலும் ஒரே குன்றுதான். அதைப் பார்த்து, "சரி," என்றார்.

அந்தச் 'சரி' மங்கைக்குத் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது. மத்தியானம் பெனசீர் டப்பாவைத் திறந்து, ஒரு வாய் சாப்பிடுங்கக்கா என்று நீட்டினாள். வயிறு சரியில்லை என்று மங்கை சொன்னது பொய்யில்லை. எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் மேடத்திடம் போய் நின்றாள். பெனசீர் பத்தே நிமிஷத்தில் ஓட்டிவிட்டாள், அவசரமாக ஓட்டினால் ஒரு மணி குறைந்த இழையும் முழு இழையோடு கூட்டத்தில் கலந்து வந்துவிடும், அவளுடையதை நான் நிதானமாக ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். நம் கூடத்தின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"ஓட்டிப் பாரேன்," என்றார் மேடம்.

இழை சுருண்டுகொள்ளாமல் இருக்கக் குழாயை அறுபது டிகிரிக்குச் சூடாக்கினாள். பெனசீரின் இழையை நாற்பது நிமிஷம் ஓட விட்டாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாமி சந்நிதியில் இப்படி நின்றிருந்தால் கேட்ட வரம் கிடைத்திருக்கும்.

முப்பத்திரண்டாம் நிமிஷம், பெரிய குன்றுக்கு முன்னால் சின்னதாய் ஒரு மேடு எழுந்தது.

தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள். மேடத்தின் அறையில் பெனசீரும் இருந்தாள். அந்த மேட்டைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"எனக்கு இந்தப் பொறுமை வரலக்கா," என்றாள் மெதுவாக.

மேடம் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உன்னோட இழைய எத்தனை நிமிஷம் ஓட்டினே, மங்கை?"

மங்கை தரையைப் பார்த்தாள்.

"பத்து நிமிஷம், மேடம்."

மேடம் திட்டவில்லை. தாளை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"குழாய் இன்னும் சூடாத்தான் இருக்கும். போய் உன்னோடதப் போடு. பெனசீரையும் பக்கத்துல உட்கார வச்சுக்கோ."