பிரிக்காமல் கொண்டுவந்த பந்தல்

பொய்கைமேட்டில் ஆவுடையப்பன் என்று ஒருவர் பந்தல் கடை வைத்திருந்தார். சாமியானா, நாற்காலி, அண்டா, குண்டா எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். கடையில் மூன்று ஆட்கள்: மாசானம், தவசி, பூல்பாண்டி. மூவரும் சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல முடியாது. முதலாளி என்ன சொன்னாலும் செய்வார்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். ஆவுடையப்பனின் கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

"கடைக்கு வந்த ஆளை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுலே" என்று ஒருநாள் சொல்லிவைத்தார். வாடகைக்கு எடுத்த ஐம்பது நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க ஒரு வாத்தியார் வந்தார். இறக்கிவைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு கிளம்பினார். மூவருக்கும் பதறிப்போயிற்று. ஓடிப்போய் மறித்து, அதே ஐம்பது நாற்காலியை அவர் வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவைத்தார்கள். மறுநாளும் வாத்தியார் வந்தார். மறுநாளும் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அவர் வரவில்லை. அவர் வீட்டு வாசலில் 'இங்கு நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும்' என்று பலகை தொங்கியது.

"மேல ஆள் இருக்கிற வரைக்கும் ஏணியை விடாதே" என்று தவசியிடம் சொன்னார். ஏணியில் ஏறிய பூல்பாண்டி, துணியைக் கட்டிவிட்டு மறுபக்கக் கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்கி, வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டான். தவசி ஏணியை விடவில்லை. பூல்பாண்டி சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

"நான் அப்பவே இறங்கிட்டேன்லே."

"நீ ஏணி வழியா இறங்கலையே. எப்படி நம்புறது? ஏறி, எப்படி இறங்குனேன்னு காட்டு."

பூல்பாண்டி ஏறினான். மறுபக்கம் இறங்கினான். வீட்டுக்குப் போனான். தவசி ஏணியைப் பிடித்தபடி நின்றான்.

இப்படியே ஒவ்வொன்றுக்கும் கத்திக் கத்தி ஆவுடையப்பனுக்குத் தொண்டை போய்விட்டது. பத்து நாளைக்கு ரகசியம் பேசுகிற மாதிரிதான் பேச வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து வியாபாரிகள் சங்கத்தில் ஒரு கோட்டுக்காரர் வந்து, நல்ல முதலாளி ஆவது எப்படி என்று வகுப்பு எடுத்தார். ஆட்களிடம் கத்தாதே, ஒரே தடவை தெளிவாகச் சொல், சொல்லிவிட்டு அந்த இடத்தில் நிற்காதே, அவர்களே கூடிப் பேசி முடிவெடுக்கட்டும், பெரிய வேலை என்றால் முதலில் ஒத்திகை பார் என்றார். கோட்டுக்காரர் தன் வாழ்நாளில் ஒரு ஆளையாவது வைத்து வேலை வாங்கியிருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை. நான் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். ஆவுடையப்பன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்.

வகுப்புக்குப் பலன் கிடைத்தே ஆக வேண்டும் என்று நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது. ரைஸ்மில் உலகம்மாள் ஆச்சியின் கடைசி மகளுக்கு நிச்சயதார்த்தம். ஆச்சி லேசுப்பட்ட ஆள் இல்லை. கீரை வாங்கினால் ஒரு கட்டு கொசுறு கேட்பாள். அதைக் கட்டின நாரையும் கேட்பாள்.

"ஏ ஆவுடையப்பா, நாளைக்கு நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டு ஆளுக வாராவ. பந்தல் நின்னுச்சின்னா கல்யாணப் பந்தலும் உனக்குத்தான். அவுக வந்து வெயில்ல நின்னாவன்னா, கல்யாணத்துக்கு நான் அந்த வாத்தியாரைக் கூப்பிட்டுக்கிடுவேன்."

அந்த வருஷத்து முகூர்த்தங்களில் ஆவுடையப்பனுக்கு மிச்சமிருந்த ஒரே கல்யாணம் அதுதான். மற்றதெல்லாம், நாற்காலியோடு பந்தலும் போட ஆரம்பித்துவிட்ட வாத்தியார் வீட்டுக்கு ஏற்கெனவே போயாயிற்று. இதுவும் போனால் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான்.

அவர் மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ரகசியக் குரலில், கோட்டுக்காரர் சொன்னபடி தெளிவாகச் சொன்னார்: "முதல்ல நம்ம கடைக்குப் பின்னால பொட்டல்ல பந்தலைப் போடுங்க. நான் வந்து பாப்பேன். சரின்னு சொன்ன பொறவு ஒரு முடிச்சு மாறக் கூடாது, ஒரு நாற்காலி வரிசை மாறக் கூடாது. இதே பந்தல் நாலு மணிக்கு ஆச்சி வீட்டு வாசல்ல நிக்கணும். எது வந்தாலும் மூணு பேரும் கூடிப் பேசி முடிவெடுங்க. எனக்குப் போன் பண்ணாதீங்க."

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் பொட்டலில் பந்தல் நின்றது. பதினாறு மூங்கில் கம்பு, மேலே சிவப்பும் மஞ்சளுமாகத் துணி, கீழே வரிசைக்கு எட்டாக நாற்பது நாற்காலி. ஆவுடையப்பன் சுற்றிச் சுற்றி வந்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கோட்டுக்காரரை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு, "சரி" என்று தலையாட்டிவிட்டு, ஆச்சி வீட்டுக்குக் காத்திருக்கப் போய்விட்டார்.

மூவரும் கூடிப் பேச உட்கார்ந்தார்கள். வயசில் மூத்தவன் மாசானம். அதனால் யோசிக்கிற வேலை அவனுக்கு.

"பிரிச்சு வண்டியில ஏத்திருவோமா?" என்றான் தவசி.

"பிரிக்கவா? கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? ஒரு முடிச்சு மாறக் கூடாதுன்னு அண்ணாச்சி சொன்னாவல்லா. பிரிச்சா எத்தனை முடிச்சு மாறும்?"

பூல்பாண்டி விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "எல்லாம்."

"அங்க கொண்டுபோயி இதே மாதிரி கட்டிருவோம்" என்றான் தவசி.

"இதே மாதிரிங்கிறது வேற, இதேங்கிறது வேற. உன் பொண்டாட்டி மாதிரியே ஒருத்தியைக் கொண்டாந்து விட்டா நீ சும்மா இருப்பியா?"

தவசி வெகுநேரம் யோசித்தான். "அவ மீன்கொழம்பு வைப்பாளா?"

"பேச்சை மாத்தாத. பந்தல் அங்க போகணும், இல்லைன்னா ஆச்சி வீடு இங்க வரணும். ரெண்டே வழிதான்."

"ஆச்சி வீடு மாடி வீடுல்லா" என்றான் பூல்பாண்டி. "கனம் ஜாஸ்தி. ஆச்சி வேற உள்ள இருக்கா."

ஆக, பந்தலை நின்றவாக்கில் தூக்கிக்கொண்டு போவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. கம்பு பதினாறு, ஆள் மூன்று. மாசானம் தெருவைப் பார்த்தான். எதிரே பஸ் ஸ்டாப்பில் கூரை இல்லை. உச்சி வெயிலில், துண்டையும் பையையும் தலையில் போட்டுக்கொண்டு ஐம்பது பேருக்கு மேல் மேலத்தெருப் பஸ்ஸுக்காகக் காத்துக்கிடந்தார்கள்.

"மேலத்தெருவுக்குத்தானே? நாங்களும் அங்கதான் போறோம். நிழல்லேயே நடந்து வரலாம். ஆளுக்கு ஒரு கம்பைப் பிடிங்க!"

பதின்மூன்று பேர் கம்பைப் பிடித்தார்கள். நாற்பது பேர் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்கள். வரிசை மாறக் கூடாது என்று தவசி சொல்லிவிட்டதால், எட்டு எட்டுப் பேராக அணிவகுத்தார்கள். மாசானம் "ஹோ" என்றான். பந்தல் கிளம்பியது.

மின்கம்பி குறுக்கே வந்தால் எல்லோரும் உட்கார்ந்தவாக்கில் நடந்தார்கள். சந்து வந்தால் கம்புக்காரர்கள் நெருங்கி, பந்தல் ஒடுங்கிக் குடை மாதிரி ஆகி, அந்தப் பக்கம் போய் விரிந்தது. வழியில் ஒரு பெரியவர் ஏதோ விசேஷம் என்று நினைத்து உள்ளே வந்து, "சாப்பாடு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு" என்றான் பூல்பாண்டி. பெரியவர் கூடவே நடந்தார்.

மூன்று மணிக்கு ரயில்வே கேட்டில் வந்து நின்றார்கள். கேட் சாத்தியிருந்தது. நாற்பது பேரும் நாற்காலியைப் போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். அப்போது பின்னால் வந்து நின்றது, இத்தனை நேரம் காத்துக்கிடந்த மேலத்தெருப் பஸ். நாற்காலிக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடி ஏறிக்கொண்டார்கள். சாப்பாடு கேட்ட பெரியவரும் ஏறினார். கம்பைப் பிடித்திருந்தவர்கள் பஸ்ஸைப் பார்த்தார்கள். தலைக்கு மேலே துணியைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "கண்டக்டர், ஒரு நிமிஷம் இந்தக் கம்பைப் பிடிக்கியளா?" என்று கேட்டுப் பார்த்தார்.

பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு வேன் நின்றது. ஏசி இல்லாத வேன். உள்ளே பட்டுச்சேலையும் பட்டுவேட்டியுமாக நாற்பது பேர் வெந்துகொண்டிருந்தார்கள். எதிரே குளுகுளுவென்று ஒரு பந்தலும், காலியாக நாற்பது நாற்காலியும் தெரியவே, ஒவ்வொருவராக இறங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

"எந்த ஊருக்கு?" என்றான் மாசானம்.

"உலகம்மாள் ஆச்சி வீட்டுக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க" என்றார் ஒருவர். மாப்பிள்ளையின் பெரியப்பா அவர், பெயர் சிதம்பரநாதன்.

"இது அவுக வீட்டுப் பந்தல்தான். நீங்க சரியாத்தான் வந்திருக்கீங்க."

பெரியப்பாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "பாத்தியாடே! சம்பந்தியம்மா நம்மளை எதிர்கொண்டு அழைக்கப் பந்தலையே அனுப்பி வச்சிருக்கா!"

கேட் திறந்தது. "நாற்காலியில இருக்கிற ஆளே நாற்காலியைத் தூக்கணும். வரிசை மாறக் கூடாது" என்றான் தவசி.

"இங்க வழக்கம் அப்படிப்போல" என்று பெரியப்பா எல்லோருக்கும் கண்ணைக் காட்டினார். பெண் எடுக்கிற இடத்தில் வழக்கத்தை மீறலாமா? மாப்பிள்ளை ஒரு நாற்காலியைத் தூக்கினார். மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒன்றைத் தூக்கினாள்.

ஆச்சி வீட்டு வாசலில் அப்போது மணி மூன்றே முக்கால்.

"பந்தல் எங்க?" என்றாள் ஆச்சி.

"வந்துகிட்டே இருக்கு" என்றார் ஆவுடையப்பன், ரகசியமாக.

"நாலு மணிக்குள்ள எப்படிக் கட்டுவே? எனக்கு உன் பந்தலே வேண்டாம். அந்த வாத்தியாருக்கு ஆள் அனுப்புதேன்."

"நாலரை வரைக்கும் பொறுங்க, ஆச்சி."

"நாலு."

"நாலே கால்."

"நாலு அஞ்சு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

பேரம் படிந்த அதே நிமிஷம், தெருமுனையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒன்று அசைந்தது. ஆவுடையப்பன் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். அவருடைய பந்தல் நடந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேரும் வரிசையாக நடந்து வந்து, வாசலில் நாற்காலியைப் போட்டு, எட்டு எட்டாக உட்கார்ந்தார்கள். சரியாக மணி நாலு.

"அண்ணாச்சி, நிக்குது!" என்றான் மாசானம்.

நின்றதுதான். ஆனால் குழி தோண்டவில்லை. பதினாறு பேரில் ஒருவர் கையை எடுத்தாலும் சாய்ந்துவிடும். பஸ்ஸைக் கோட்டைவிட்ட பதின்மூன்று பேரும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஆச்சி எட்டிப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. பதின்மூன்று பேருக்கும் கேசரி, காபி, போகும்போது தேங்காய் பழப் பை என்று ஒரு வார்த்தையில் பேசி முடித்தாள். கை வேலையாக இருந்ததால் கேசரியை வாயில் ஊட்டிவிட ஆள் போட்டாள். தேங்காயை மட்டும் அரை மூடியாகக் குறைத்தாள்.

நிச்சயம் நடந்தது. தட்டு மாற்றினார்கள். பெரியப்பா எழுந்தார். "எனக்கு வயசு எழுபது. எத்தனையோ விசேஷத்துக்குப் போயிருக்கேன். ரயில்வே கேட்டுக்கே பந்தல் வந்து கூட்டிட்டுப் போன மரியாதையை நான் பாத்ததே இல்ல. கல்யாணம் எங்க ஊருல. அன்னைக்கும் இதே பந்தல்தான் வரணும். இப்படித்தான் நடந்து வரணும்!"

"ஆவுடையப்பனுக்குத்தான் அந்த ஆர்டர்!" என்றாள் ஆச்சி.

மாப்பிள்ளை ஊர் பதினெட்டு கிலோமீட்டர். நடுவில் ஒரு ஆறு. ஆவுடையப்பன் பந்தலுக்கு நடுவே ஓடிப்போய், கையை ஆட்டி என்னவோ சொல்லிப் பார்த்தார். குரல் வரவில்லை. சந்தோஷத்தில் பேச முடியவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் ஜோரா ஒரு தடவை கை தட்டுங்க!" என்றார் பெரியப்பா.

எல்லோரும் தட்டினார்கள். கம்பைப் பிடித்திருந்த பதினாறு பேரும் தட்டினார்கள்.

கம்பு பதினாறும் வெளிப்பக்கம் சரிந்தன. துணி மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல், மாப்பிள்ளை வீட்டார் மேலும், ஆச்சி மேலும், ஆவுடையப்பன் மேலும் இறங்கியது. பதின்மூன்று பேரும் அரை மூடித் தேங்காயைக்கூட வாங்காமல் ஓடிவிட்டார்கள்.  துணிக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். நாற்பத்திரண்டு தலையும் துணியைத் தாங்க, பந்தல் மறுபடியும் நிமிர்ந்தது. ஓரம் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "எல்லாரும் ஒரே பக்கமா நடங்க, எங்கேயாவது முடியும்" என்று பெரியப்பாவின் குரல் கேட்டது. ஒரே பக்கமாக நடந்தார்கள். அவர்கள் நடக்க நடக்கத் துணியும் கூடவே நடந்தது. பின்னால் பதினாறு கம்பும் கயிற்றோடு இழுபட்டுக் கடகடவென்று போயின. தெருவைக் கடந்து, திரும்பி, ஆற்றுப் பாதையில் இறங்கியது பந்தல்.

வாசலில் மாசானமும் தவசியும் பூல்பாண்டியும் மட்டும் நின்றார்கள். தூரத்தில் சிவப்பும் மஞ்சளும் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி எங்கலே?" என்றான் தவசி.

"அதுக்குள்ளதான்" என்றான் பூல்பாண்டி. "இப்ப என்ன செய்ய? கூடிப் பேசுவோமா?"

மாசானம் கூடிப் பேசவே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். மத்தியானத்திலேருந்து நாம பழக்குன பழக்கம், இப்ப ஆள் பிடிக்காமலே அதுவா நடக்குது. கல்யாணத்தன்னைக்குக் காலையில விலாசத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டாப் போதும்."