நிறம் சரியா?

மயில்சாமிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அந்தத் திருப்பூர் சாயப்பட்டறைக்கு அவர் எழுதிய மென்பொருளை, சனிக்கிழமையோடு தூக்கிவிடப் போகிறாராம் பட்டறை முதலாளி. திரை எல்லாத் துணிக்கும் 'நிறம் சரி' என்கிறது. போன துணியோ நிறம் பிசகியிருக்கிறதென்று திரும்பி வருகிறது.

நேரே போய்த் தன் குழுத் தலைவி ரங்கநாயகி முன்னால் நின்றார். வயதில் பத்து வருடம் இளையவர்தான். அதனாலென்ன, தொழிலில் அவருக்குக் குரு அந்தம்மாதான்.

"மேடம், தப்பு என்னோடதில்லைங்க. வேலை நடக்கிற முறையை பட்டறை மேனேஜர் படமா வரைஞ்சு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஒரு கோடு பிசகாம எழுதியிருக்கேன். அங்க இருக்கற ஆளுங்கதான் துணியைப் பார்க்காமலே 'ஆம்'னு அழுத்தறாங்க. இவங்களை எப்படித் திருத்தறது?"

ரங்கநாயகி வண்டிச் சாவியை எடுத்தார். "வாங்க, போலாம்."

பட்டறையில் சாய மெஷின் ஓட்டும் குப்பண்ணனிடம் சொல்லி, அப்போதுதான் சாயம் ஏறிய துணியில் ஒரு துண்டு வெட்டி வாங்கினார். சொட்டச் சொட்ட அதை மயில்சாமியின் ஒரு கையில் வைத்தார். மறு கையில், ஆர்டர் கொடுத்தவர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டு.

"நிறம் சரியா?"

"ஈரமா இருக்குங்களே மேடம். காஞ்சாத்தானே தெரியும்?"

"திரை கேக்குது பாருங்க. அழுத்துங்க."

திரையில் இரண்டே பொத்தான்கள். ஆம். இல்லை. இரண்டும் மயில்சாமியே வைத்தவைதாம்.

"இல்லைன்னு போட்டா?" என்றார் ரங்கநாயகி.

"மொத்தத் துணியும் மறுபடி சாயத்துக்குப் போயிரும்."

"ஒண்ணுமே போடாம விட்டா?"

"மெஷின் அடுத்த துணியை எடுக்காதுங்க."

அடுத்த துணியோடு தள்ளுவண்டி பின்னால் வந்து நின்றது. "சீக்கிரமுங்க சார்," என்றார் தள்ளி வந்தவர். மயில்சாமியின் விரல் தானாக 'ஆம்' பக்கம் போனது.

குப்பண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அட, நாங்களும் அப்படித்தானுங்க! முன்னெல்லாம் இஸ்திரிப் பெட்டியில துண்டைக் காய வெச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லுவோம். இதுல அதுக்கு எடமே இல்லீங்களே."

மயில்சாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. விரலை இழுத்துக்கொண்டார். பையிலிருந்த மேனேஜரின் படத்தை விரித்துப் பார்த்தார். அங்கேயும் ஆம், இல்லை என்று இரண்டே அம்புக்குறிகள்.

நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. "இன்னும் மூணு நாள் இருக்குங்க மேடம். முடிச்சிரலாம். மொதல்ல எதை மாத்தட்டும்? படத்தையா, மென்பொருளையா?"

ரங்கநாயகி இஸ்திரிப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல துணி காயட்டும்."