வசவுத் திருநாளில் வாசித்த மெய்க்கீர்த்தி

சித்திரக் குள்ளர்களின் நாடு ஒன்று ஒரு மலைக்குள்ளே இருந்தது. மலைமேல் அல்ல, மலைக்கு உள்ளே. அங்கே எல்லோருக்கும் தொழில் இரண்டு. பகலெல்லாம் சுரங்கம் வெட்டுவார்கள். வெட்டிய அலுப்பில் ராஜாவைத் திட்டுவார்கள். முதல் தொழிலை ஊரறியச் செய்வார்கள், இரண்டாவதை மனசுக்குள்ளேயே முடித்துக்கொள்வார்கள்.

அப்படி அடக்கிவைத்த வசவெல்லாம் சுரங்கத்தில் விஷக்காற்றாகச் சேர்ந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே ஆண்டுக்கொரு நாள் வசவுத் திருநாள். சீட்டுக் குலுக்கி ஒருவரை எடுப்பார்கள். அவர் சபையில் நின்று ராஜாவை முகத்துக்கு நேரே திட்ட வேண்டும். சனங்கள் வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும். சிரித்தால் காற்று சுத்தமாகிவிடும். சிரிக்காவிட்டால் திட்டியவருடைய தாடியை மழித்துவிடுவார்கள். குள்ளர்களுக்குத் தாடி போவது தலை போவதைவிடப் பெரிய அவமானம். தலை போனவன் கண்ணாடி பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

சனங்களைச் சிரிக்க வைத்தவனும் தப்பியதில்லை. அன்றைக்குத் திட்டியவரையோ சிரித்தவரையோ தண்டிக்கக் கூடாது என்பது முன்னோர் சட்டம். மாமலைக்கோன் ராஜா சட்டத்தை மதிப்பவர், தண்டிக்கவே மாட்டார். மறுநாள் பதவி உயர்வு கொடுப்பார். போன வருஷம் திட்டியவர் இப்போது அடிப்பள்ளத்தில் வௌவால் கண்காணிப்பாளர். அதற்கு முந்தின வருஷத்து ஆள் அவருக்கு மேலதிகாரி. இரண்டு பேரும் இன்னும் மேலே ஏறி வரவில்லை.

இந்த வருஷம் சீட்டில் உளியப்பன் பெயர் வந்தது. சபையில் நையாண்டிக்குப் பேர்போனவன் அவன். ராஜாவுக்கு அவன்மேல் கொஞ்சம் பிரியம் உண்டு. அந்தக் கொஞ்சமே பிரதான மந்திரி நெடுந்தாடியாருக்கு வயிற்றெரிச்சல். குடத்திலிருந்த அத்தனை சீட்டிலும் உளியப்பன் பெயரையே எழுதிப் போட்டவர் அவர்தான். அதோடு விட்டாரா? ராஜாவின் காதிலும் ஒரு நிபந்தனையை ஓதிவிட்டார்.

ராஜா உளியப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார். "தாராளமாகத் திட்டு. ஆனால் என்னைப் பற்றி நான் ஒப்புக்கொள்ளாத ஒரு சொல்கூட வரக்கூடாது. வந்தால் அது வசவு அல்ல, பொய். பொய்க்குத் திருநாள் மன்னிப்புக் கிடையாது. தலை போகும்."

உளியப்பன் வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். தாடியைத் தடவினான், கழுத்தைத் தடவினான். எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை. மனைவி கோமேதகம் விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அவரு ஒத்துக்கிற மாதிரின்னா புகழத்தான் வேணும். அதைத்தான் சபைச் சுவரு முழுக்க மந்திரி செதுக்கி வச்சிருக்காரே. அதைப் படிச்சு யாரு சிரிச்சா?"

"சிரிச்சா கசையடின்னு கீழேயே எழுதியிருக்கே" என்றான் உளியப்பன். சொன்னவன் சட்டென்று நிமிர்ந்தான். அப்புறம் இரண்டு முறை மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான்.

திருநாள் வந்தது. சபை நிரம்பி வழிந்தது. உளியப்பன் முன்னே வந்து நின்றான். சுவரில் ஆளுயர எழுத்தில் செதுக்கியிருந்த ராஜாவின் மெய்க்கீர்த்தியைக் காட்டி, அதில் தாங்கள் ஒப்பாத சொல் ஏதும் உண்டா என்று பணிவாகக் கேட்டான்.

"ஓர் எழுத்துகூட இல்லை. மந்திரி பாடினார், நானே முத்திரை வைத்தேன்" என்றார் ராஜா.

உளியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பி, முகத்தை இழவு வீட்டுக்கு வந்தவன்போல வைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தான்.

"வான்முகடு இடிக்க வளர்ந்த நெடியோன்."

சனங்கள் ராஜாவைப் பார்த்தார்கள். சிம்மாசனத்தில் அவருடைய கால் கால்மணைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள்.

"அரைவயிறு உண்டு குடிகாத்த அண்ணல்."

ராஜாவின் வாயில் அப்போது ஓர் அதிரசம் இருந்தது. கையில் இன்னொன்று. சிரிப்பு நடுவரிசை வரைக்கும் வந்துவிட்டது.

"வேங்கை எதிர்வரினும் விழி இமையாதவன்."

போன மாசியில் சுரங்கத்துக்குள் ஒரு பூனை நுழைந்துவிட்டது. அதைப் பிடித்து வெளியே விடும்வரை ராஜா குதிருக்குள் இருந்தார். அவரை வெளியே தூக்கியவர்களே முன்வரிசையில்தான் நின்றார்கள். அவ்வளவுதான், அணை உடைந்தது. மண்டபத்து விளக்குகள் ஆடுமளவுக்குச் சிரித்தார்கள். தாடியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்கள்.

"நிறுத்து" என்றார் ராஜா. முகம் செம்புக் குடமாகிவிட்டது. "என்னை அவமதித்துவிட்டாய்."

"நான் சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, அரசே. இதில் எந்தச் சொல் பொய் என்று தாங்களே காட்டுங்கள். அதற்கு என் தலையைத் தருகிறேன்."

ராஜா சுவரைப் பார்த்தார். பொய் என்றால் முத்திரை அவருடையது. மெய் என்றால் குற்றமே இல்லை. 'நெடியோன்' என்ற சொல்லைப் பார்த்தார், தொங்கும் தன் காலைப் பார்த்தார். வாயிலிருந்த அதிரசம் புரையேறியது. அவரும் சிரித்துவிட்டார். பாவம், இருபது வருஷமாக அவரும் அடக்கிக்கொண்டுதான் இருந்தாரோ என்னவோ.

சிரித்து ஓய்ந்ததும் தன் பொற்காப்பைக் கழற்றி உளியப்பனுக்குப் போட்டார். பதவி உயர்வு கிடையாது என்றும் வாக்குக் கொடுத்தார். இரண்டாவது பரிசைக் கேட்டபோதுதான் உளியப்பனுக்கு மூச்சே திரும்பி வந்தது.

சபையில் சிரிக்காமல் நின்றவர் நெடுந்தாடியார் ஒருவர்தான். இன்றைக்கே அந்தச் சுவரைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பாடித் தருவதாக அவர் குழறினார்.

"கொத்த வேண்டாம், அரசே" என்றான் உளியப்பன். "இனி வருஷா வருஷம் இதையே வாசிக்கலாம். சீட்டுக் குலுக்குகிற வேலை மிச்சம்."

"யார் வாசிப்பது? வாசிக்கிறவனுக்கே பாதியில் சிரிப்பு வந்துவிடுமே" என்றார் ராஜா.

"மந்திரியாரே வாசிக்கட்டும், அரசே. சிரிக்காமல் இதை எழுத முடிந்தவருக்குச் சிரிக்காமல் வாசிக்கவா தெரியாது?"