லைசோசோமை அடக்க வந்தவர்

அறுவை மருத்துவர் ஜெபமணி ஐம்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு, தமயந்தியின் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஒரு காலத்தில் தமயந்தி அவரிடம் பயிற்சி பெற்றவர்.

செல்லக்கனி என்ற பெண்ணுக்கு ஜெபமணி மூன்று முறை புற்றுக்கட்டியை வெட்டியெடுத்திருந்தார். நான்காவது கட்டி, கத்தி போக முடியாத இடத்தில் வந்திருந்தது.

தமயந்தி முதலில் சொல்லிக்கொடுத்தது லைசோசோமைப் பற்றி. செல்லுக்குள் கழிவைக் கரைக்கும் சிறு பை அது. தன் மேல்பரப்பில் தெரியவேண்டிய அடையாளப் புரதத்தையே புற்றுச் செல் அந்தப் பையில் போட்டுக் கரைத்துவிடும். அடையாளம் தெரியாததால், உடம்பைக் காவல் காக்கும் டி செல்கள் அதைக் கடந்து போய்விடும்.

ஜெபமணி செல்லக்கனியின் கட்டியிலிருந்து எடுத்த புற்றுச் செல்களை ஒரு கண்ணாடித் தட்டில் வளர்த்து, ஒரு மருந்தால் அவற்றின் பைகளை முடக்கினார். இரண்டே நாளில் அடையாளம் வெளியே வந்தது. அன்று அவருக்குச் சாப்பாடே நினைவில்லை. அந்தக் கண்ணாடித் தட்டில் மருந்து இருக்கும்போதே செல்லக்கனியின் டி செல்களையும் விட்டார்.

அவை புற்றுச் செல்களைத் தொட்டன. தொட்டபடியே நின்றன. புற்றுச் செல் ஒன்றுகூடச் சாகவில்லை.

"அடையாளம்தான் தெரியுதே மேடம். ஏன் சும்மா நிக்குது?"

தமயந்தி மருந்தே படாத ஒரு தட்டை நுண்ணோக்கியில் வைத்தார். அதிலிருந்த புற்றுச் செல்கள் அடையாளத்தை மறைக்காத வகை. அவற்றோடு விட்டிருந்த டி செல்களின் லைசோசோம்களுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு வகுப்பெடுக்கப் போனார்.

ஒரு டி செல் புற்றுச் செல்லைத் தொட்டது. சிதறிக் கிடந்த சிவப்புப் புள்ளிகள் தொட்ட பக்கமாக நகர்ந்து திரண்டன. உள்ளிருந்ததை அந்த ஓரிடத்தில் மட்டும் கொட்டின. புற்றுச் செல் உப்பி உடைந்தது. டி செல்லுக்கு ஒரு கீறல் இல்லை. விலகி, அடுத்ததைத் தேடிப் போனது.

ஜெபமணி நாற்காலியை விட்டு எழவில்லை. முப்பது வருடத்தில் தன் கை ஒருமுறைகூட இவ்வளவு சுத்தமாக வெட்டியதில்லை என்று நினைத்தார்.

தமயந்தி திரும்பி வந்ததும் மெல்லக் கேட்டார்.

"அதோட ஆயுதமும் அதே பைதானா?"

"அதே பைதான் சார்."

"அப்போ ரெண்டு பேரோட பையையும் நான் முடக்கிட்டேன்."

"தட்டைக் கழுவிப் பாருங்க."

மறுபடி செய்தார். இந்த முறை மருந்து புற்றுச் செல்லுக்கு மட்டும். பிறகு மருந்து துளியும் மிஞ்சாமல் தட்டைக் கழுவினார். அதற்குப் பிறகுதான் டி செல்களை விட்டார். மறுநாள் பார்த்தபோது புற்றுச் செல்களில் பாதிக்கு மேல் உடைந்து கிடந்தன.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"தட்டைக் கழுவிடலாம் மேடம். செல்லக்கனி உடம்பை எப்படிக் கழுவுறது?"

"எனக்குத் தெரியாது சார்," என்றார் தமயந்தி. "தெரிஞ்சிருந்தா உங்களைச் சேர்த்திருக்க மாட்டேன்."