நடக்காத திருட்டு

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று என்னைக் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். ஊர்தோறும் உள்ள காவல்காரர்களுக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல் அளப்பது அவர் வழக்கம். அந்த நெல்லை நம்பித்தான் ஆலங்கரைக் காவல்காரன் மாடக்கண்ணும் அவனுடைய ஆட்கள் ஆறு பேரும் குடும்பம் நடத்தினார்கள்.

ஒருநாள் படைமந்திரி வில்லவராயர் ராஜாவின் காதில் ஒரு யோசனையை ஓதினார். எந்த ஊர் அதிகத் திருடர்களைப் பிடிக்கிறதோ அந்த ஊருக்கே அதிக நெல். ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அப்புறம் கேட்க வேண்டுமா? பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரே கோழித்திருடனை ஒன்பது தரம் பிடித்து, எட்டுத் தரம் விட்டு, வண்டி வண்டியாக நெல் வாங்கினார்கள். ஆலங்கரையிலோ மூன்று வருஷமாகத் திருட்டே இல்லை. அதனால் ஒரு மணி நெல்லும் இல்லை என்றாகிவிட்டது.

மாடக்கண்ணு சபைக்கு ஓடி வந்தான். அவ்வளவு உயரமான தூண்களை அவன் கண்டதே இல்லை. சொல்ல வந்ததில் பாதி மறந்துபோனது.

"சாமி, எங்க ஆளுங்க பொழப்புத் தேடி வேற சீமைக்குப் போயிருவாங்க. அப்புறம் ஊரு என்னத்துக்கு ஆகும்?" என்றான்.

சபையைச் சிரிக்கவைக்கும் விகடர் கூத்தபிரான் அவனுக்காக எழுந்தார். "மன்னா, இவர்கள் தடுத்த திருட்டுகள் கொஞ்சநஞ்சமல்ல."

வில்லவராயர் இதற்காகத்தான் காத்திருந்தார். விகடரின் ஆசனத்தின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "அப்படியானால் விகடர் அந்த நடக்காத திருட்டைச் சபைக்குக் கொண்டுவந்து காட்டட்டும். முடியாவிட்டால் ஆசனத்தைக் காலி செய்யட்டும்."

"நல்ல வேடிக்கை," என்றார் ராஜா. "மூன்று நாள் தவணை."

விகடர் மாடக்கண்ணின் காதில் ஏதோ சொன்னார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சொன்னபடி செய்தான்.

மூன்றாம் நாள் காலை கோட்டை வாசலில் புழுதி எழுந்தது. முதலில் உழவுமாடுகள், பின்னால் நெல்வண்டிகள், ஆடுகள், அண்டா குண்டான்கள், கோயில் மணி, வெள்ளி அரைஞாண் மின்ன ஒரு கைக்குழந்தை. சபை நிறைந்து, முற்றம் நிறைந்து, தேர்வீதி வரை வரிசை நீண்டது. மாடக்கண்ணு தன் ஊரை ஒருசேரக் கண்டது அன்றைக்குத்தான். இத்தனையையுமா நாம் ஏழு பேர் காத்தோம் என்று அவனுக்கு மெய்சிலிர்த்தது. கண் நிறைந்து வழிந்தது. ராஜாவும் சிம்மாசனத்தை விட்டெழுந்தார்.

"என்ன இது, விகடரே?"

"நடக்காத திருட்டுகள், மன்னா. களவு போயிருந்தால் இவை வந்திருக்குமா? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

"அது சரி, ஊரை இப்போது யார் காக்கிறார்கள்?"

"காக்க அங்கே என்ன இருக்கிறது? ஆலங்கரைக்குக் காவல் நெல் இல்லையாம். அரண்மனைக்குத்தான் நல்ல காவல் இருக்கிறதே, எல்லாம் இனி இங்கேயே இருக்கட்டும் என்று ஊரார் முடிவு செய்துவிட்டார்கள். ஆடுகளை மட்டும் படைமந்திரியாரின் பொறுப்பில் விட்டிருக்கிறேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வில்லவராயரின் பட்டு உத்தரீயத்தில் பாதி அதற்குள் ஓர் ஆட்டின் வாயில் இருந்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி விகடருக்குப் போட்டார். திருட்டு நடக்காத ஊருக்கே இனி முதலில் நெல் அளக்க வேண்டும் என்று அங்கேயே உத்தரவிட்டார்.

ஆலங்கரை வண்டிகள் வந்ததைவிடக் கனமாகத் திரும்பின. மாடக்கண்ணு வாசலில் நின்று அந்தத் தூண்களை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தான். இப்போது அவை அவ்வளவு உயரமாகத் தெரியவில்லை.