நானூத்திப் பன்னெண்டு பாக்கலாம்

குரு வயசுல சின்னவன். சிஷ்யை அவனைவிடப் பதினஞ்சு வயசு மூத்தவ.

தமயந்தி பல வருஷம் ரத்தப் பரிசோதனை லேப்ல சூப்பர்வைசரா இருந்தவ. டயாலிசிஸ் சென்டர்களுக்கு சாஃப்ட்வேர் பண்ற கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணுல புராடக்ட் ஓனரா சேந்து எட்டு மாசம் ஆச்சு. சென்டர்காரங்க கேக்குறதுல எதை முன்னாடி செய்யணும், எதைப் பின்னாடி செய்யணும், எதைச் செய்யவே வேண்டாம்னு முடிவு பண்றதுதான் வேலை. அந்தப் பட்டியலுக்குப் பேரு பேக்லாக்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீம் லீட் கோமதிநாயகம் நேராவே சொல்லிட்டாரு.

"மேடம், இந்த லிஸ்ட்டை வச்சுக்கிட்டு எங்களால வேலை பாக்க முடியாது. திங்கக்கிழமையும் இப்படியே இருந்தா வேற ஆளைப் போடச் சொல்லிக் கேப்போம்."

தமயந்தி லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கிட்டு இர்ஃபான் மேஜைக்கு வந்தா. அவன் அந்த டீமோட ஸ்க்ரம் மாஸ்டர்; வேலை முறையா, தடங்கல் இல்லாம நடக்குதான்னு பாத்துக்கிறவன். அவளுக்கு வேலை கத்துக்குடுக்கச் சொல்லிக் கம்பெனி விட்டிருந்தது அவனைத்தான்.

"நானூத்திப் பன்னெண்டு வேலை. ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்கேன். காலேஜ்லகூட நான் ஒரு அரியர் வச்சதில்ல. இன்னும் என்ன வேணுமாம் அவருக்கு?"

இர்ஃபான் லிஸ்ட்டைப் பாத்தான். "முதல்ல செய்யணும்னு மட்டும் நூத்தி முப்பத்தேழு இருக்குதுங்க்கா."

"எல்லாமே முக்கியம்தான்."

"முதல்னா ஒண்ணுதானுங்களே."

"இங்க பாரு. பேர்ல மாஸ்டர்னு இருந்தா குரு ஆயிட முடியாது. கீழ பேக்கரியில டீ ஆத்துறவரையும் மாஸ்டர்னுதான் கூப்பிடுறோம்."

"ஆமாங்க்கா. அவரும் ஒண்ணொண்ணாத்தான் ஆத்துறாரு."

தமயந்தி முறைச்சா. ஆனா போகல. இந்த வேலையைக் கத்துக்காம லேப் பக்கம் திரும்பிப் போறதில்லன்னு வைராக்கியமா இருந்தா.

இர்ஃபான் ஒரு வரியில விரலை வச்சான். "எண்பத்தெட்டு. இதைக் கேட்டது யாருங்க?"

"சகாயமேரி. கோபி சென்டர்ல டெக்னீஷியன். ஒரு மெஷின் ரிப்பேரானா, அதுக்குப் புக் பண்ணியிருக்கிற பேஷன்ட் எல்லாரையும் சாஃப்ட்வேரே வேற மெஷினுக்கு மாத்திடணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாக்கலாம்னேன்."

"செய்யலாம்னு நெனச்சா சொன்னீங்க?"

"நாலு மாச வேலை அது. எங்க செய்யறது? முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? பாக்கலாம்னா முடியாதுன்னு பச்சக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அப்புறம் ஏன் எழுதி வச்சீங்க?"

"கேட்டாங்களே."

"சகாயமேரிக்கும் அப்படித்தான் புரிஞ்சுதான்னு கேட்டுருவோங்க்கா." போனை அவ பக்கம் தள்ளினான்.

சகாயமேரி ரெண்டாவது ரிங்லயே எடுத்தா. "மேடம், வந்துருச்சுங்களா?"

"எது?"

"அதான், மெஷின் மாத்துறது. பாக்கலாம்னு சொன்னீங்கல்ல. அந்த வேலைக்குன்னு இன்னொரு ஆள் போட்டுத் தரேன்னாரு எங்க டாக்டர். வேண்டாம் சார், மேடம் பண்ணித் தராங்கன்னு சொல்லிட்டேன். இன்னைக்குக் காலையிலகூட மூணாம் நம்பர் நின்னுபோச்சு. பதினோரு பேருக்கு நானே போன் பண்ணி மாத்தினேன்."

தமயந்தி இர்ஃபானைப் பாத்தா. அவன் ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தான்.

"சகாயமேரி... அது இந்த வருஷம் வராது."

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் பீப் பீப்னு அடிச்சுது. சகாயமேரி அதை அமத்திட்டு வந்தா.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஆளாவது வாங்கியிருப்பேனே மேடம். சரி, இப்பப் போய்க் கேக்குறேன்."

போனை வச்சதும் தமயந்தி சொன்னா, "இவங்களோடதைத் தூக்கி முதல்ல வச்சிடறேன்."

"ஏங்க்கா?"

"பாவமா இருக்கு."

"இன்னும் நானூத்திப் பதினொண்ணு இருக்குது. பாதிக்கு மேல பாவமாத்தான் இருக்கும்."

"அதுக்கு? எல்லாருக்கும் போன் பண்ணச் சொல்றியா? பைத்தியமா உனக்கு?"

"எனக்கு வேற வழி தெரியலைங்க்கா. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, நானும் கத்துக்கிறேன்."

"நல்லா வந்து வாய்ச்சேடா எனக்குக் குருவா"ன்னுட்டு அடுத்த நம்பரை அழுத்தினா.

அத்தனை வேலையையும் கேட்டது மொத்தம் அறுபத்தி மூணு பேர்தான்னு சனிக்கிழமை காலையிலதான் அவளுக்கே தெரிஞ்சுது. ஒரே உடுமலைக்காரர் ஒரே விஷயத்தை ஒம்பது தலைப்புல கேட்டிருந்தாரு. நாலு பேர் வேலையை விட்டே போயிருந்தாங்க. ஒரு அம்மா, "நானா கேட்டேன்?"னு திருப்பிக் கேட்டாங்க. ஒருத்தர் கால் மணி நேரம் நிறுத்தாம திட்டினாரு. பதிலுக்குத் திட்ட நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு, "முடியாதுங்க சார்"னு மட்டும் மறுபடி சொன்னா. இன்னொருத்தர் சிரிச்சாரு. "இல்லைன்னு சொல்றதுக்குன்னு போன் பண்ணின முதல் ஆளு நீங்கதான் மேடம்." ஞாயித்துக்கிழமை மத்தியானம் தொண்டை கட்டிப்போச்சு. வெந்நி குடிச்சுக் குடிச்சுப் பேசி முடிச்சா.

திங்கக்கிழமை காலையில திரையில இருந்தது இருபத்தாறு வரி. கோமதிநாயகம் மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சாரு.

"இதைப் படிக்க முடியுது மேடம். முதல்ல இருக்கிறது என்ன?"

"எல்லா சென்டரையும் ஒரே திரையில காட்டுற படம். கலர் கலரா, பாத்த உடனே புரியற மாதிரி. மூணு வாரம் ஆகும்." கட்டிப்போன தொண்டையிலயும் குரல் எழும்பிச்சு.

"ரெண்டாவது?"

"பேஷன்ட்டோட எடையைத் தப்பா டைப் பண்ணினா உடனே எச்சரிக்கணும். உடம்புலேர்ந்து எவ்வளவு நீர் எடுக்கணும்கிற கணக்கே அதை வச்சுத்தான். ஏழு சென்டர்ல கேக்குறாங்க."

"முதல்ல இருக்கிறதை எத்தனை சென்டர்ல கேட்டாங்க?"

"சென்டர்ல யாரும் கேக்கல. அது நான் கேட்டது. லேப்ல இருந்த காலத்துலேர்ந்தே என் மனசுல இருக்கு."

அதுவரைக்கும் ஓரமா உக்காந்திருந்த இர்ஃபான் வாயைத் திறந்தான்.

"உங்களுக்கு மட்டும் நீங்க இன்னும் போன் பண்ணலைங்களாக்கா?"

தமயந்தி மவுஸைப் பிடிச்சு, ரெண்டாவது வரியை மேல இழுத்து வச்சா.