ஆடிய படம்

திருச்சியில் மனநல ஆலோசகர் மெஹருன்னிசாவிடம் தொழில் கற்றுக்கொண்டவர் கோமதிநாயகம். குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு அறுபது. தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஆலோசகர் படிப்பை முடித்து, வீட்டு மாடியில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து ஊரார் கவலையையெல்லாம் கேட்கத் தொடங்கிவிட்டார். ஆள் கொஞ்சம் பெருமைக்காரர். பேசி முடித்தவர்கள் ஐந்து நட்சத்திரம் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அன்றைக்குச் சோறு இறங்காததற்குக் காரணம் வேறு. ஆறு வாரமாக அவரிடம் வீடியோவில் பேசிவந்த சுகிர்தா, மாத்திரைகளை விழுங்கிவிட்டு ஓசூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைப்பாளா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

குருவின் அறைக்கு வந்து விஷயத்தைச் சொன்னவர், கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

“மேடம், ஒண்ணு கேக்கணும். ஸ்கிரீன்ல பாக்குறது உசத்தியா, நேர்ல பாக்குறது உசத்தியா?”

“அந்தப் பொண்ணு எப்படி உக்காந்திருப்பா?”

கேட்டது ஒன்று, வருவது ஒன்றா என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் சொன்னார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். முழங்கைகளை மடியில் ஊன்றி, இரண்டு கன்னத்திலும் கை வைத்திருப்பாள். தனியாகத்தான் இருக்கிறாயா என்று ஒவ்வொரு முறையும் விதிப்படி கேட்பார், அவளும் தலையாட்டுவாள். கணவன் தங்கமான மனுஷன் என்பாள். நேரம் குறித்துத் தருவதே அவன்தான், நட்சத்திரம் போடுவதும் அவன்தான். படம் மட்டும் சில நேரம் ஆடும். போனை எதிலாவது சாய்த்து வையம்மா என்று ஒரு தடவை சொன்னார். உடனே ஆட்டம் நின்றுவிட்டது.

மெஹருன்னிசா அவருடைய போனை வாங்கி கேமராவைத் திறந்தார்.

“அவ மாதிரியே உக்காருங்க சார்.”

அறுபது வயது மனிதர் கூச்சத்தோடு கன்னங்களில் கை வைத்து உட்கார்ந்தார். குரு எதிரே நின்று, திரை அவர் பக்கம் இருக்கும்படி போனை நீட்டிப் பிடித்தார். திரையில் அவர் முகம் தெரிந்தது. லேசாக ஆடியது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் பார்வை திரையிலிருந்து நகர்ந்து, அதைப் பிடித்திருந்த விரல்களுக்குப் போனது.

அவருடைய கைகள் தாமாகக் கீழே இறங்கின.

“அவன் பிடிச்சுக்கிட்டிருந்திருக்கான்,” என்றார். “ஆறு வாரமும் அவ எதிர்லயே உக்காந்திருக்கான். நான் அவன்கிட்ட ஆட்டாமப் பிடின்னு சொல்லியிருக்கேன்.”

குரு போனை மேசைமேல் வைத்தார்.

கோமதிநாயகம் அழுதார். அழுது ஓய்ந்ததும் கோபம் வந்தது. திரையைத் திட்டினார், இன்டர்நெட்டைத் திட்டினார், கண்டுபிடித்தவனைத் திட்டினார். தன்னைத் திட்டிக்கொள்ள மட்டும் இன்னும் துணிவு வரவில்லை. இனிமேல் அந்த வேலையே வேண்டாம், இங்கேயே ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் கொடுங்கள், நேரில் வருகிறவர்களை மட்டும் பார்க்கிறேன் என்றார்.

“நேர்ல வந்திருந்தா அவனை வெளிய உக்கார வச்சிருப்பேன். கதவைச் சாத்தியிருப்பேன். அவ எல்லாத்தையும் சொல்லியிருப்பா. சொல்லியிருப்பாளா இல்லையா, மேடம்?”

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ‘ஆமாம்’. அது கிடைத்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார். குருவுக்கும் அது தெரியும்.

“எட்டு மாசம் ஒருத்தி இப்ப நீங்க உக்காந்திருக்கிற இடத்துல வந்து உக்காந்தா,” என்றார் மெஹருன்னிசா. “புருஷனை வெளிய உக்கார வச்சேன். கதவைச் சாத்தினேன். வீட்டுக்குப் போனதும், உள்ள என்னடி சொன்னேன்னு கேட்டுக் கேட்டு அடிப்பானாம். அது எனக்கு எல்லாம் முடிஞ்ச பின்னாடிதான் தெரிஞ்சுது. அந்தப் பயத்துல அவ கடைசி வரைக்கும் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. அவ சாவுக்குப் போயிருந்தேன் சார். அவன் வாசல்ல நின்னு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். ‘நல்லாப் பாத்துக்கிட்டீங்க மேடம்’னு அழுதான். அரை மணி நேரம் நின்னு அவனுக்கு ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்.”